ஒரே வசனம், இரண்டு நியாயம்: இருவர் பேசும் காட்சியில் பார்ப்பவரை ஒரு பக்கம் சாய்ப்பது எப்படி?

வீட்டுக்காரர் மாடி போர்ஷனுக்கு ஏறி வருகிறார். வாடகைக்கு இருக்கும் பெண் கதவைத் திறக்கிறாள்.

"உக்காருங்க சார். காபி போடட்டுமா?"

"வேணாம்மா. பையனுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு, தையில வெச்சிருக்கோம். மாடி போர்ஷன் எங்களுக்கே தேவைப்படுது."

"ரொம்ப சந்தோஷம் சார்... பாப்பாவுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் டைம் குடுத்தீங்கன்னா..."

"நானும் யோசிச்சுட்டுத்தாம்மா வந்தேன்."

இதில் யார் மேலும் தப்பு இல்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், பார்ப்பவர் அந்தப் பெண்ணுக்காகப் பதறும்படி இதை எடுக்க முடியும். கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர் மேல் பரிவு வரும்படியும் எடுக்க முடியும். எங்கே கேமரா வைக்கிறோம், எத்தனை அடி தள்ளி, எந்த உயரத்தில், வெளிச்சம் எந்தப் பக்கம், யார் பேசும்போது யார் முகம் என்பவைதான் இதை முடிவு செய்கின்றன. இந்தக் காட்சியை வைத்தே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். கேமரா ஒன்று, சாதாரண ஹால் ஒன்று, ஜன்னல் ஒன்று. அவ்வளவு போதும்.

"லோ ஆங்கிள் வைத்தால் அதிகாரம், டாப் ஆங்கிள் வைத்தால் பலவீனம், க்ளோஸப் என்றால் உணர்ச்சி" என்ற பாடத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். பார்ப்பவர் உணர்வது முந்தைய ஷாட்டுக்கும் இந்த ஷாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. படம் முழுக்க லோ ஆங்கிளாக இருந்தால் அது யாருக்கும் அதிகாரம் தராது. ஐந்து நிமிடம் ஐ லெவலில், அதாவது கண் மட்டத்தில், இருந்த கேமரா ஒரே ஒரு ஷாட்டில் ஒரு சாண் இறங்கினால் போதும், காரணம் தெரியாமலே உடம்பு அதைக் கவனித்துவிடும். இனி வரும் எல்லா அளவுகளையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

படி 1: பக்கத்தையும் திருப்பத்தையும் தாளில் எழுதுங்கள்

கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன் வசனத் தாளின் ஓரத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்க வேண்டும். பார்ப்பவர் யாரோடு இருக்க வேண்டும்? காட்சி எந்தச் சொல்லில் திரும்புகிறது? நம் காட்சியில் திருப்பம் கடைசி வரி. "யோசிச்சுட்டுத்தாம்மா வந்தேன்" என்றதும் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஆகவே காட்சியின் மிக டைட்டான (முகத்தை மிக நெருக்கமாக அடைக்கும்) ஷாட் அந்த வரிக்கு மட்டும் உரியது. முதல் வரியிலேயே க்ளோஸப் போய்விட்டால், திருப்பம் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. குறும்படங்களில் அதிகம் காணும் கோளாறு இதுதான்: எல்லா வரியும் க்ளோஸப், அதனால் எந்த வரியும் கனக்கவில்லை.

இனி 'அவள் பக்கம்' என்றால் வாடகைப் பெண்ணோடு நிற்கும் வடிவம், 'அவர் பக்கம்' என்றால் வீட்டுக்காரரோடு நிற்கும் வடிவம்.

படி 2: உட்கார வைக்கும் இடமும் கற்பனைக் கோடும்

இருவருக்கும் இடையே 1.2 முதல் 1.5 மீட்டர் இருக்கட்டும். இருவரையும் சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் முன்னால் இழுத்துப் போடுங்கள். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்தால் நிழல் சுவரில் விழும், பின்னணியைப் பிரிக்க முடியாது, பேக் லைட் வைக்கவும் இடம் இருக்காது. ஜன்னல் இருவருக்கும் பக்கவாட்டில் வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள்.

இருவர் மூக்கையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, எல்லா ஷாட்டையும் அதன் ஒரே பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். தாண்டினால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல வெட்டு விழும். பார்ப்பவர் அரை நொடி "யார் எங்கே இருக்கிறார்கள்?" என்று தேடுவார், அந்த அரை நொடியில் உணர்ச்சி அறுந்துபோகும். தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் நேர்மையான வழிகள் மூன்று உண்டு: நடிகர் எழுந்து நடந்து கோட்டை மாற்றலாம்; ஷாட் ஓடும்போதே கேமரா நகர்ந்து கடக்கலாம்; கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஒரு ஷாட்டை, அல்லது கையிலுள்ள டம்ளர் மாதிரி ஒரு இன்சர்ட்டை (ஒரு பொருளை மட்டும் நெருக்கமாகக் காட்டும் ஷாட்டை), நடுவில் வைக்கலாம்.

அதிர வைக்கவும் கோட்டைத் தாண்டலாம். ஆனால் அது திருப்பத்தில் ஒரே ஒரு முறைதான். இரண்டாவது முறை செய்தால் தவறு என்றே படும்.

படி 3: தூரம் முதலில், லென்ஸ் அப்புறம்

முகத்தின் தோற்றத்தை மாற்றுவது லென்ஸ் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மாற்றுவது தூரம். கேமரா மூக்கு நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் காது ஏறத்தாழ 42 செ.மீ. தள்ளி இருக்கும். மூக்கு காதைவிட 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே கேமரா 2 மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் 1.06 மடங்குதான். செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது ஒடுங்கியும் தெரிவது இதனால்தான். லென்ஸின் வேலை, நீங்கள் தேர்ந்த தூரத்திலிருந்து எவ்வளவு பகுதியை ஃப்ரேமுக்குள் அடைப்பது என்பது மட்டும்.

ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில், அகலத்திரை வடிவத்தில், தலையும் தோளும் அடங்கும் க்ளோஸப்புக்கு ஃப்ரேமின் உயரம் ஏறத்தாழ அரை மீட்டர் வர வேண்டும். 85 மி.மீ. லென்ஸில் அதற்கு 2.1 மீட்டர் தள்ளி நிற்கணும். 35 மி.மீ. என்றால் 86 செ.மீ. 24 மி.மீ. என்றால் 60 செ.மீ. மூன்றிலும் முகத்தின் அளவு ஒன்றுதான், பார்ப்பவருக்கு ஏற்படும் உணர்வு மூன்று விதம். அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.சி. சென்சார் கேமராவாக இருந்தால் லென்ஸ் எண்ணை 1.5ஆல் (கேனனில் 1.6ஆல்) பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 35 மி.மீ. ஏறத்தாழ 50 மாதிரி நடந்துகொள்ளும்.

பின்னணியில் நடப்பது இன்னும் முக்கியம். அவளுக்குப் பின்னால் 3 மீட்டரில் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 85 மி.மீ. க்ளோஸப்பில் அந்தச் சுவரின் 2.2 மீட்டர் அகலம் மட்டும் தெரியும். மங்கலாக, அவள் முகத்துக்குப் பின்னால் அழுந்தி நிற்கும். 24 மி.மீ. க்ளோஸப்பில் அதே சுவர் 5.4 மீட்டர் அகலத்துக்குத் தெரியும்: காலண்டர், பள்ளிப் பை, துணிக் கொடி, சமையலறைக் கதவு எல்லாமே. முதலாவதில் அவள் மட்டும் இருக்கிறாள். இரண்டாவதில் அவள் இழக்கப்போகும் வீடும் கூடவே இருக்கிறது.

அவள் பக்கம் எடுக்கும்போது இப்படிப் பிரிக்கலாம். அவளுக்கு முதல் இரண்டு வரியில் 35 மி.மீ., 1.2 மீட்டரிலிருந்து மிட் ஷாட் (இடுப்புக்கு மேல்), வீடும் பின்னால் தெரியட்டும். திருப்பத்தில் 85க்குப் போய் வீட்டைத் துடைத்துவிடுங்கள். அவருக்கு 50 மி.மீ. வைத்து 2 மீட்டர் தள்ளி நிறுத்தி, காட்சி முழுக்க அதே அளவில் விட்டுவிடுங்கள். அவர் ஒரு முறைகூட நெருங்கி வரவில்லை என்பதே பார்ப்பவரை அவரிடமிருந்து தள்ளி வைக்கும். அவரைக் கெட்டவராகக் காட்ட வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர் பக்கம் எடுக்கும்போது இதை அப்படியே புரட்டிப் போடுங்கள்: அவள் மிட் ஷாட்டிலேயே நிற்க, அவர் மெல்ல மெல்ல நெருங்கி வர வேண்டும்.

ஃபோகஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. 85 மி.மீ., 2.1 மீட்டர், லென்ஸ் திறப்பு எஃப் 1.8 என்று வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 6 முதல் 7 செ.மீ.தான். அவள் பேச்சின் நடுவே சற்று முன்னால் சாய்ந்தாலே கண் மங்கிவிடும். எஃப் 4 வைத்தால் ஏறத்தாழ 15 செ.மீ. கிடைக்கும். ஃபோகஸ் புல்லர் (நடிகர் அசைய அசைய ஃபோகஸைத் திருத்துபவர்) இல்லாத யூனிட்டுக்கு எஃப் 4தான் சரி. மங்கலான பின்னணி அழகுதான், ஆனால் திருப்பத்தில் கண் தெளிவாக இல்லாத ஷாட்டை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது.

படி 4: உயரமும் லுக்கும்

நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ட்ரைபாடை ஒளிப்பதிவாளரின் கண்ணுக்கு வசதியாக நிறுத்திவிட்டு லென்ஸைக் கீழே சாய்ப்பதுதான் வழக்கமான தவறு. அப்படி எடுத்தால் எல்லோரும் குனிந்து சுருங்கித் தெரிவார்கள். டேப் வைத்து அளந்து லென்ஸின் மையத்தைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் சமநிலை. அதிலிருந்து 20 செ.மீ. இறக்கினால் 2 மீட்டர் தூரத்தில் கோணம் 6 டிகிரிக்கும் குறைவு. ஆங்கிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வீட்டுக்காரர் கொஞ்சம் பெரியவராகிவிடுவார். அதற்கு மேல் இறக்கினால் மூக்குத் துவாரமும் சீலிங் ஃபேனும் ஃப்ரேமுக்குள் வந்து, ஷாட் தன்னைத்தானே விளம்பரம் செய்துகொள்ளும்.

உயரத்தைவிடப் பல மடங்கு பலமானது லுக். நடிகரின் பார்வை லென்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறதோ, பார்ப்பவர் அவ்வளவு உள்ளே இழுக்கப்படுவார். இரண்டு கண்ணும் முழுதாகத் தெரியும் முகத்தை நாம் படிக்க முடியும். பக்கவாட்டு முகத்தை வேடிக்கைதான் பார்க்க முடியும். அவள் பக்கம் எடுக்கும்போது, அவளுடைய சிங்கிள் ஷாட்டில் வீட்டுக்காரராக நடிப்பவரை லென்ஸை ஒட்டி உட்கார வையுங்கள். அவர் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிக்கு மேல் வேண்டாம். அவரை எடுக்கும்போது கேமராவை கோட்டிலிருந்து 50, 60 டிகிரி விலக்கி வையுங்கள். அவருடைய ஒரு கண்தான் நன்றாகத் தெரியும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மற்றதையெல்லாம் சமமாக வைத்தாலும் காட்சி சாய்ந்துவிடும்.

எதிரே உட்கார்ந்து வசனம் கொடுப்பவர் அந்த நடிகராகவே இருக்கட்டும். அசிஸ்டன்ட் ஒருவர் தாளைப் பார்த்து ஒப்பித்தால், அவளுடைய கண்ணும் ஒப்பிக்கும்.

சஜஷன் ஷாட்டில், அதாவது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை எடுப்பதில், முன்னால் தெரியும் தோளையும் கவனியுங்கள். அவள் மேல் எடுக்கும் சஜஷனில் அவருடைய தோள் ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்கை அடைத்தால், அவளுக்கு மூச்சுவிட இடம் இல்லை என்று படும். அவர் மேல் எடுக்கும்போது அவள் தோளே இல்லாத க்ளீன் சிங்கிள் வைத்தால், அவர் தனியாக, யாராலும் நெருக்கப்படாமல் இருக்கிறார். தோள் இருவரையும் ஒரே அறையில் கட்டிப்போடும், அது இல்லாவிட்டால் பிரிந்துவிடுவார்கள். முதல் பாதி சஜஷனில் ஓட்டி, மறுப்பு வந்த பிறகு க்ளீன் சிங்கிளுக்குப் போனால், உறவு முறிந்ததை வசனம் சொல்ல வேண்டியதே இல்லை.

படி 5: வெளிச்சம்

முதல் வேலை: ஹாலில் உள்ள ட்யூப் லைட்டையும் பல்பையும் அணைப்பது. ஜன்னல் வெளிச்சம் ஏறத்தாழ 5600 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு), மஞ்சள் எல்.இ.டி. பல்ப் 3000 கெல்வின். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் வரும். கலர் கரெக்‌ஷனில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். வொயிட் பாலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5600இல் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் அவள் எழுந்து போய் வருவதற்குள் சுவரின் நிறம் மாறியிருக்கும்.

விளக்கு எரியத்தான் வேண்டும் என்றால் ஷட்டரைப் பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேமில் ஷட்டர் 1/50 வைத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். போனில் 30 ஃப்ரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் பூட்டினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 1/60இல் விட்டால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும்.

ஜன்னலில் நேர் வெயில் விழுந்தால் ஒற்றை வெள்ளை வேட்டியை விரைப்பாகக் கட்டித் தொங்கவிடுங்கள். துணியின் தடிமனைப் பொறுத்து ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், ஆனால் ஒளி விரிந்து மென்மையாகிவிடும். மென்மையைத் தீர்மானிப்பது, முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. அதே வேட்டியை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குத் தள்ளினால் நிழலின் ஓரம் மறுபடியும் கூர்மையாகிவிடும்.

இந்த விஷயத்தில் நம் நாட்டு ஒளிப்பதிவு உலகத்துக்கே வழி காட்டியிருக்கிறது. சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காக காசி வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார்கள். மேலே திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன் மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் எடுத்தார். நாம் இன்று தெர்மாகோலில் செய்யும் பவுன்ஸ் அந்த வழியில் வந்ததுதான். வெளிச்சத்தில் பொய் இல்லை என்று பட்டுவிட்டால், பார்ப்பவர் பாத்திரத்தையும் நம்பத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது விகிதம். முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் 2:1, இரண்டு ஸ்டாப் என்றால் 4:1, மூன்று என்றால் 8:1. லைட் மீட்டர் இல்லாவிட்டாலும் கேமராவின் ஜீப்ராவை (குறிப்பிட்ட வெளிச்ச அளவுள்ள இடத்தில் கோடு காட்டும் வசதியை) 60இல் வைத்து அளந்துவிடலாம். வெளிச்சக் கன்னத்தில் கோடு தோன்றும் எஃப் எண்ணைக் குறியுங்கள். பிறகு நிழல் கன்னத்தில் கோடு தோன்றும் வரை திறந்துகொண்டே போய் எத்தனை ஸ்டாப் என்று எண்ணுங்கள்.

அவள் பக்கத்துக்கு: அவள் முகத்தில் 2:1. நிழல் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளி தெர்மாகோல் ஷீட் ஒன்றை நிறுத்தினால் இது வந்துவிடும். அவர் முகத்தில் 4:1. அவருக்குத் தெர்மாகோலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சுவரிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தை அது குடித்துவிடும். நம் ஊர் வீடுகளில் சுவர் வெள்ளையாக இருப்பதால், கறுப்புத் துணி இல்லாமல் 4:1 கொண்டுவருவது கஷ்டம். 8:1 வரை போக வேண்டாம். போனால் வில்லன் ஆகிவிடுவார், பகல் வீட்டுக்குள் அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் எழும்.

கடைசியாகக் கண்ணுக்குள் ஒளிப்புள்ளி. ஜன்னலோ தெர்மாகோலோ கருவிழியில் ஒரு சிறு வெள்ளையாகப் பிரதிபலிக்க வேண்டும். அது இருந்தால் கண் உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் அதே நடிப்பு எதையோ மறைப்பதுபோலத் தெரியும். கேமராவுக்குக் கீழே, நடிகரின் மடி உயரத்தில் ஒரு தெர்மாகோல் துண்டைச் சாய்த்து வைத்தாலே புள்ளி விழும். யாரோடு பார்ப்பவர் இருக்க வேண்டுமோ அவருக்கு இதைக் கட்டாயம் கொடுங்கள். மற்றவருக்குக் கொடுக்காமலும் விடலாம்.

படி 6: எடுக்கும் வரிசை

மாஸ்டர் ஷாட்டை (இருவரும் அடங்கும் அகல ஷாட்டை) முதலில் காட்சி முழுக்க எடுங்கள். பிறகு ஜன்னல் பக்கத்து வெளிச்சம் யாருக்குச் சீக்கிரம் போகுமோ அவருடைய ஷாட்கள். திருப்பத்து க்ளோஸப்பை நாளின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நடிகர் அதற்குள் காலியாகியிருப்பார். ஒவ்வொரு செட்டப்பிலும், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தையும் முழு நீளத்துக்கு ஓட்டுங்கள். எடிட்டிங்கில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த மௌனம்தான். இன்சர்ட்டுகள்: அவர் விரலில் சுற்றும் சாவிக்கொத்து, நாற்காலியில் தொங்கும் பள்ளிப் பை, அவள் முந்தானை நுனியைப் பிடித்திருக்கும் கை. ஒவ்வொன்றும் 10 நொடி ஓடட்டும்.

அசைவு வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போதும். கடைசி வரியில் அவளை நோக்கி 2 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்கு, 15 முதல் 20 நொடியில் மெதுவாக நகருங்கள். ட்ராலி இல்லாவிட்டால் ஸ்லைடரோ கிம்பலோ போதும். ஜூம் பண்ணி இதை ஈடுகட்ட முடியாது. ஜூமில் பின்னணியும் முகமும் சேர்ந்தே பெரிதாகும். நகரும்போது முகம் மட்டும் பின்னணியைவிட வேகமாக வளரும். முன்னது பார்ப்பவரை உற்றுப் பார்க்க வைக்கும், பின்னது அவரை நெருங்கிப் போக வைக்கும்.

படி 7: ஒலி

படம் சுமாராக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், ஒலி கெட்டால் போனை மூடிவிடுவார். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்தி, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி ஃபிரிட்ஜைத் திறப்பீர்கள், மறுபடியும் ஆன் பண்ண மறக்க மாட்டீர்கள். உடையில் பொருத்தும் லேபல் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், பட்டுப் புடவையிலும் விரைப்பான சட்டையிலும் உரசாதபடி டேப்பால் ஒட்டுங்கள். கழியில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக் என்றால் ஃப்ரேமுக்கு மேலே, வாயிலிருந்து 40 முதல் 60 செ.மீ. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து ஒரு நிமிடம் ரூம் டோன் (யாரும் பேசாத அறையின் ஒலி) பதிவு செய்யுங்கள்.

ஒலியிலும் பக்கம் உண்டு. அவள் குரலை லேபல் மைக்கிலிருந்து எடுத்தால் மூச்சும் எச்சில் விழுங்குவதும் கேட்கும். அவள் நம் காதருகே இருக்கிறாள். அவர் குரலை பூமிலிருந்து, அறையின் எதிரொலியோடு எடுத்தால் அவர் எதிரே இருக்கிறார். மிக்ஸிங்கில் இந்த வித்தியாசத்தை அளவோடு வையுங்கள். இரண்டு குரலும் இரண்டு வேறு அறையில் பேசுவதுபோல ஆகிவிடக் கூடாது.

பின்னணி இசையைத் திருப்பத்துக்கு முன்னால் போடாதீர்கள். இசை முதலில் வந்துவிட்டால், பெரியவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை அது போட்டுக்கொடுத்துவிடும். அவர் கடைசி வரி சொல்லி முடிந்ததும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஒன்று தூரத்தில் கேட்டாலே போதும்.

படி 8: எடிட்டிங் டேபிளில்

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்ததாகச் சினிமாப் பள்ளிகள் எல்லாம் சொல்லித்தருகின்றன. இவான் மொஸ்யூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும், ஒரு பெண்ணோடும் மாறி மாறி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை எல்லாம் கண்டதாகச் சொல்கிறார்கள். மூலப் படச்சுருள் இன்று இல்லை, பின்னாளில் ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகள் ஒரே மாதிரி வரவும் இல்லை. ஆகவே அதை ஒரு மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடைமுறைக்கு உதவும் பாடம் இது: அடக்கமான முகம் அடுத்த ஷாட்டின் அர்த்தத்தை வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் முகத்துக்கு எதையும் வாங்க இடமில்லை.

முதல் எடிட்டில் வசனத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். பேசுகிறவர் முகத்தைக் காட்டிக்கொண்டே போனால் அது டென்னிஸ் மாட்சாகிவிடும். ஒவ்வொரு வரியையும் எடுத்து "இது யாருக்கு வலிக்கிறது?" என்று கேளுங்கள், அந்த முகத்தில் நில்லுங்கள். "மாடி போர்ஷன் எங்களுக்கே தேவைப்படுது" என்ற வரி அவர் வாயில் தொடங்கட்டும். "போர்ஷன்" என்ற சொல்லிலேயே அவள் முகத்துக்கு வெட்டி, மீதியை அவள் மேல் கேட்க வையுங்கள். அவர் பக்கம் என்றால், அவள் "சந்தோஷம் சார்" என்று சிரிக்க முயலும்போது அவர் முகத்தில் நில்லுங்கள். அந்தச் சிரிப்பு அவரைக் குத்துவது தெரியும்.

குரலை 8 முதல் 12 ஃப்ரேம் முன்னாலோ பின்னாலோ தள்ளி, படமும் ஒலியும் ஒரே புள்ளியில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் குரல் முந்தி வந்தால் அவசரமும் அழுத்தமும் கூடும். முந்தைய குரல் அடுத்த முகத்தின் மேல் நீண்டால் யோசனைக்கு இடம் கிடைக்கும். ஒரே ஆளின் இரண்டு ஷாட்களை ஒட்டும்போது கேமரா கோணம் 30 டிகிரியாவது மாறியிருக்க வேண்டும், அல்லது அளவு தெளிவாக மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிக்கும். கண் சிமிட்டும் இடத்தை ஒட்டி வெட்டினால் பெரும்பாலும் இயல்பாக விழும். எடிட்டர் வால்டர் மர்ச் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். ஒரு வெட்டின் தகுதியில் உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, இடத் தொடர்ச்சிக்கு வெறும் 4 என்று எடை போட்டவர் அவர். டம்ளர் கை மாறியிருக்கிறது என்பதற்காக நல்ல ரியாக்‌ஷனைத் தூக்கி எறிய நினைக்கும்போது அந்த 51ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

"யோசிச்சுட்டுத்தாம்மா வந்தேன்" என்ற பிறகு எவ்வளவு நேரம் அவள் முகத்தில் நிற்பது? நீங்கள் போதும் என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் ஒரு நொடி. அந்த நொடியில்தான் பார்ப்பவர் தன் சொந்த வீட்டு நினைவைக் கொண்டுவந்து போடுகிறார்.

கதையில் இந்தச் சுதந்திரம் எல்லாம் உண்டு. பேட்டியிலும் ஆவணப்படத்திலும் கிடையாது. உண்மையான மனிதர் வேறு கேள்விக்குத் தலையசைத்ததை எடுத்து இந்தக் கேள்விக்கு ஒட்டுவது, ஒரு தரப்புக்கு ஜன்னல் வெளிச்சமும் மறு தரப்புக்கு மேலிருந்து ட்யூப் லைட்டும் கொடுப்பது, ஒருவர் தயங்கிய நொடிகளை மட்டும் நீளமாக விடுவது, இவையெல்லாம் வசனமே இல்லாமல் தீர்ப்பு எழுதுவதுதான். அங்கே இரு தரப்புக்கும் ஒரே லென்ஸ், ஒரே உயரம், ஒரே லுக், ஒரே வெளிச்ச விகிதம் என்று அளந்து வையுங்கள். அந்த அளவுகளைக் குறித்து வைத்திருந்தால், நாளை யாராவது கேட்டாலும் காட்டலாம்.

படி 9: எந்தத் திரையில் பார்ப்பார்கள்?

தியேட்டர் திரையில் அரை மீட்டர் ஃப்ரேம் க்ளோஸப் ஆளை விழுங்கும், அதே ஷாட் போனில் சாதாரணம். போனுக்கென்றே எடுத்தால் எல்லா ஷாட்டையும் ஒரு படி டைட்டாக்குங்கள், மாஸ்டரைச் சுருக்கமாக வையுங்கள். செங்குத்து வடிவத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அடங்க மாட்டார்கள். ஒருவரை முன்னாலும் மற்றவரை ஒரு மீட்டர் பின்னாலும் உட்கார வைத்து ஆழத்தில் அடுக்குங்கள். இங்கேயும் முன்னால் இருப்பவர்தான் பார்ப்பவரின் ஆள். ஃப்ரேமின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள், அந்த இடத்தைச் செயலியின் பட்டன்களும் தலைப்பும் மூடிவிடும்.

படி 10: சோதித்துத் திருத்துவது

கதை தெரியாத ஐந்தாறு பேருக்குக் காட்டுங்கள். முதலில் ஒலியே இல்லாமல். "யாருக்கு என்ன பிரச்சினைன்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். வசனம் கேட்காமலே பெரும்பாலோர் நீங்கள் நினைத்த ஆளைச் சொன்னால் படம் தன் வேலையைச் செய்கிறது. பிறகு ஒலியோடு காட்டி, "யார் மேல கோவம் வந்துச்சு?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

பதில் தவறாக வந்தால் மலிவானதிலிருந்து திருத்தத் தொடங்குங்கள். இருவர் மேலும் பரிவு சமமாக வருகிறது என்றால், மற்றவருடைய க்ளோஸப் எங்காவது நுழைந்திருக்கும். எடுத்துவிட்டு மிட் ஷாட்டைப் போடுங்கள். "அந்த ஆள் ரொம்ப மோசம்" என்று சொன்னால் அவர் பேசாமல் இருக்கும் ஒரு தயக்கத்தை, சாவிக்கொத்தைச் சுற்றும் விரலை, இரண்டு நொடி சேருங்கள். "அவ நடிக்கிறா" என்றால் அவளுடைய ரியாக்‌ஷனை நீளமாக விட்டிருக்கிறீர்கள், அல்லது இசை முந்தி வந்திருக்கிறது. "எங்கே உக்காந்திருக்காங்கன்னு புரியல" என்றால் கோடு தாண்டியிருக்கிறது, நடுவில் பள்ளிப் பை இன்சர்ட்டைப் போடுங்கள். இவ்வளவு செய்தும் சாயவில்லையென்றால் குறை எடிட்டில் இல்லை, லுக்கில் இருக்கிறது. அவளுடைய க்ளோஸப்பை மட்டும், எதிராளியை லென்ஸை ஒட்டி உட்கார வைத்து, அதே ஜன்னலில் அதே நேரத்துக்கு மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்காகவே அன்று போட்டிருந்த புடவை, நாற்காலியின் இடம், தெர்மாகோலின் தூரம் எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.